கருமண்ணின் ரகசியத்தைக் கண்டவர்

பொன்னைத் தேடி மண்ணைத் தோண்டியவர்கள் உண்டு. வைரத்தைத் தேடித் தோண்டியவர்கள் உண்டு. நிலக்கரிக்காகவும், எண்ணெய்க்காகவும் தோண்டியவர்கள் உண்டு. ஆனால் மண்ணைத் தெரிந்து கொள்வதற்காகவே மண்ணைத் தோண்டியவர் ஒருவர் இருந்தார்.

அவர் பெயர் வசீலி டோகுச்சாயெவ். ரஷிய நாட்டு விஞ்ஞானி. ஊர் ஊராகப் போனார். போன இடத்தில் எல்லாம் குழி வெட்டச் செய்தார். குழிக்குள் தெரிந்த மண்ணின் நிறத்தைப் பார்த்தார். ஆழத்தை அளந்தார். பிடி மண்ணை எடுத்துப் பையில் கட்டிக் கொண்டார்.

அவர் விடை தேடிய கேள்வி ஒன்றே ஒன்றுதான். இந்தக் கறுப்பு மண் எப்படி உண்டாயிற்று?

இது ஒரு கேள்வியா என்று தோன்றலாம். மண் இருக்கிறது, உழுகிறோம், விதைக்கிறோம். அது எப்படி உண்டானால் என்ன? ரஷியாவிலும் பலர் அப்படித்தான் நினைத்தார்கள். ஆனால் அந்தக் கேள்விக்குள் லட்சக்கணக்கான ஏழைகளின் உயிர் அடங்கியிருந்தது.

பாதிரியார் மகன்

டோகுச்சாயெவ் 1846-ம் ஆண்டு ஸ்மொலென்ஸ்க் மாகாணத்தில் மிலியுக்கொவோ என்ற கிராமத்தில் பிறந்தார். தந்தை கிராமத்துப் பாதிரியார். ரஷிய திருச்சபையில் பாதிரிமார் திருமணம் செய்து கொள்ளலாம். பாதிரியார் மகன் பாதிரியார் ஆவதுதான் அந்தக் கால வழக்கம்.

டோகுச்சாயெவையும் அந்த வழியில்தான் அனுப்பினார்கள். வியாஸ்மா என்ற ஊரில் திருச்சபைப் பள்ளியில் படித்தார். பிறகு ஸ்மொலென்ஸ்க் நகரத்து வேதபாடசாலையில் படித்தார். 1867-ம் ஆண்டு, அப்போது தலைநகராக இருந்த செயிண்ட் பீட்டர்ஸ்பர்க் நகருக்கு வந்து, உயர்ந்த வேதக் கல்லூரியில் சேர்ந்தார்.

சேர்ந்து சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. அவர் மனம் அதில் நிற்கவில்லை. கல்லூரியை விட்டு வெளியேறினார். அதே நகரத்தில் இருந்த பல்கலைக்கழகத்தில் இயற்கை விஞ்ஞானம் படிக்கச் சேர்ந்து விட்டார்.

1871-ம் ஆண்டு பட்டம் பெற்றார். அடுத்த ஆண்டு பல்கலைக்கழகத்தின் பாறைக் காட்சிச்சாலையைப் பாதுகாக்கும் வேலை கிடைத்தது. ஆற்றுப் பள்ளத்தாக்குகள் எப்படி உண்டாகின்றன என்று முதலில் ஆராய்ந்தார். வெள்ளம் நிலத்தை எப்படி அரிக்கிறது, சின்ன ஓடை எப்படிப் பெரிய பள்ளமாகிறது என்பதை எல்லாம் கவனித்தார். இந்த அறிவு பின்னால் அவருக்குப் பெரிதும் உதவியது.

கறுப்பும் மஞ்சளும்

ரஷியாவின் தெற்குப் பகுதியிலும், உக்ரேனிலும் பெரிய புல்வெளிகள் இருந்தன. கண்ணுக்கு எட்டிய தூரம் புல்தான். மரமே தெரியாது. ஸ்டெப்பி என்று அதற்குப் பெயர். அங்கே உள்ள மண் கன்னங்கறுப்பாக இருக்கும். அதைச் செர்னோசெம் என்பார்கள். ரஷிய மொழியில் கறுப்பு மண் என்று அர்த்தம்.

அங்கே ஒரு குழி வெட்டினால் விசித்திரமான காட்சியைக் காணலாம். மேலே 2 அடி, 3 அடி, சில இடங்களில் அதற்கும் மேல் கறுப்பு மண். கீழே போகப் போகக் கறுப்பு மங்கிப் பழுப்பாகும். அதற்கும் கீழே வெளிர் மஞ்சள் நிறத்தில் மாவு போன்ற மண். அதிலே வெள்ளை வெள்ளையாகச் சுண்ணாம்புக் கட்டிகள்.

அந்த மஞ்சள் மண்ணுக்கு லோயெஸ் என்று பெயர். ஆயிரமாயிரம் ஆண்டுகளுக்கு முன்னால், ஐரோப்பாவின் வடக்குப் பகுதியைப் பனிக்கட்டி மூடியிருந்தது. பனிக்கட்டி அரைத்த பாறைத் தூள் வெட்டவெளியில் கிடந்தது. வறண்ட காற்று அதை வாரி எடுத்து வந்து தெற்கே படிய வைத்தது. மணலைவிட நயமான தூள் அது.

டோகுச்சாயெவ் காலத்தில் இதைப் பற்றிப் பெரிய வாக்குவாதம் நடந்தது. ஜெர்மன் அறிஞர் ரிக்தோபென் சீனாவின் மஞ்சள் மண்ணைப் பார்த்து விட்டு, காற்று கொண்டு வந்த மண் அது என்றார். தண்ணீர் கொண்டு வந்தது என்று சொன்னவர்களும் உண்டு. பெரும்பாலும் காற்றின் வேலைதான் என்பது பிற்காலத்தில் உறுதியாயிற்று.

கீழே இருப்பது மஞ்சள் தூள். அப்படியானால் மேலே இருக்கும் கறுப்பு எங்கிருந்து வந்தது? இதுதான் புதிர்.

நம் ஊர்க் கரிசலைப் பார்த்தவர்களுக்கு இந்த மண்ணும் அதுதானோ என்று தோன்றும். நிறம் ஒன்றுதான். பிறப்பு வேறு. கரிசல் களிமண் மிகுந்தது. கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும். செர்னோசெம் பொலபொலவென்று உதிரும்.

பஞ்சம் எழுப்பிய கேள்வி

கறுப்பு மண் பூமிதான் ரஷியாவின் களஞ்சியம். நாட்டுக்குச் சோறு போட்டது அது. வெளிநாட்டுக்குக் கோதுமை அனுப்பியதும் அது. அப்படிப்பட்ட பூமியில் 1873-ம் ஆண்டிலும், 1875-ம் ஆண்டிலும் மழை பொய்த்தது. பயிர் கருகியது.

ரஷியாவில் சுயேச்சைப் பொருளாதாரச் சங்கம் என்று ஒரு பழைய சங்கம் இருந்தது. 1765-ம் ஆண்டு தொடங்கியது. விவசாய அபிவிருத்திதான் அதன் வேலை. இவ்வளவு வளமான மண் ஏன் கைவிடுகிறது என்று சங்கத்தார் யோசித்தார்கள். முதலில் அந்த மண்ணைப் பற்றித் தெரிந்து கொள்ள வேண்டும் என்று முடிவு செய்தார்கள். 1877-ம் ஆண்டு அந்தப் பொறுப்பை டோகுச்சாயெவிடம் ஒப்படைத்தார்கள். அப்போது அவருக்கு வயது 31.

அவர் புறப்பட்டார். 1877, 1878 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் கோடை காலம் முழுவதும் பயணம். சுமார் 6,000 மைல் தூரம் சுற்றினார். 1881-ம் ஆண்டிலும் போய் வந்தார். ஆற்றங்கரைச் சரிவு, ஓடைப் பள்ளம் என்று மண்ணின் உட்புறம் தெரியும் இடம் எதையும் அவர் விடவில்லை. அப்படி இல்லாத இடத்தில் குழி வெட்டிப் பார்த்தார்.

கடலா? சதுப்பா? புல்லா?

கறுப்பு மண்ணின் பிறப்பைப் பற்றி அறிஞர்கள் மூன்று கட்சியாகப் பிரிந்திருந்தார்கள்.

முதல் கட்சி, இது கடலின் அடியில் கிடந்த சேறு என்றது. கடல் வற்றிப் போனபின் சேறு மிஞ்சியது என்பது அவர்கள் வாதம்.

இரண்டாவது கட்சி, இது சதுப்பு நிலம் என்றது. தண்ணீர் தேங்கிய இடத்தில் செடிகள் அழுகிக் கறுப்பானதாக அவர்கள் சொன்னார்கள்.

மூன்றாவது கட்சி, நிலத்தில் வளர்ந்த புல்தான் காரணம் என்றது. ரூப்ரெக்ட் என்ற தாவர விஞ்ஞானி இந்தக் கட்சியில் முக்கியமானவர். அவர் கறுப்பு மண்ணைப் பூதக்கண்ணாடியில் வைத்துப் பார்த்தார். புல்லின் உடம்பில் இருக்கும் கண்ணாடி போன்ற நுண்ணிய துகள்கள் அதிலே கிடந்தன. கடல் உயிர்களின் அடையாளம் ஒன்றுகூட இல்லை.

அவர் இன்னொன்றும் கவனித்தார். பழங்காலத்து மக்கள் இறந்தவர்களைப் புதைத்து, மேலே மண்ணைக் குன்று போல் குவித்திருந்தார்கள். அந்த மேடுகளின் மேலும் கறுப்பு மண் படர்ந்திருந்தது. ஆனால் மெல்லிசாக இருந்தது. பக்கத்துச் சமவெளியில் நல்ல தடிப்பாக இருந்தது. மனிதன் குவித்த மேட்டின் மேல் கடலும் வரவில்லை, சதுப்பும் வரவில்லை. புல் முளைத்தது. புல்லோடு சேர்ந்து, மெல்ல மெல்லக் கறுப்பு மண் வளர்ந்திருக்கிறது!

டோகுச்சாயெவ் புல் கட்சியை ஒப்புக் கொண்டார். ஆனாலும் அவருக்குத் திருப்தி ஏற்படவில்லை. புல் எங்கும்தான் முளைக்கிறது. வடக்கே போனால் ஏன் கறுப்பு மண் இல்லை? தெற்குக் கோடிக்குப் போனால் ஏன் நிறம் மங்கி விடுகிறது?

புதிர் அவிழ்ந்தது

வடக்கே மழையும் பனியும் அதிகம். அங்கே காடு வளர்கிறது. இலைகள் மண்ணின் மேலே விழுந்து மக்குகின்றன. தண்ணீர் சத்தை அடித்துக் கொண்டு கீழே போய் விடுகிறது. மண் வெளுத்துப் போகிறது.

தெற்குக் கோடியில் வறட்சி அதிகம். புல் அடர்த்தியாக வளர்வதில்லை. மக்குவதற்கு அதிகமாக எதுவும் இல்லை.

நடுவே இருப்பதுதான் ஸ்டெப்பி. அங்கே புல் ஆளுயரம்கூட வளரும். வேர் மண்ணுக்குள் ஆழமாக இறங்கும். ஆண்டுதோறும் வேர்கள் மண்ணுக்குள்ளேயே செத்து மக்கும். குளிர்காலத்தில் பூமி உறைந்து விடும். கோடையில் காய்ந்து விடும். அதனால் மக்குவது பாதியில் நின்று விடும். மக்கிய சத்து அழிந்து போகாமல் தங்கும். மஞ்சள் மண்ணில் உள்ள சுண்ணாம்பு அதைப் பிடித்து வைத்துக் கொள்ளும். இப்படி ஆண்டுக்கு ஆண்டு சேர்ந்து, ஆயிரக்கணக்கான ஆண்டுகளில் உண்டானதுதான் கறுப்பு மண்.

ஆக, மண் பிறப்பதற்கு ஐந்து காரணங்கள் வேண்டும் என்றார் டோகுச்சாயெவ். அடியில் உள்ள பாறை அல்லது படிவு ஒன்று. தட்பவெப்பம் இரண்டு. செடிகொடிகளும் மற்ற உயிர்களும் மூன்று. மேடு பள்ளம் நான்கு. காலம் ஐந்து. இந்த ஐந்தில் ஒன்று மாறினாலும் மண் மாறி விடும்.

அதற்கு முன்னால் மண் என்றால் உடைந்த பாறைத் தூள் என்றே பல அறிஞர்கள் நினைத்திருந்தார்கள். அது பிறக்கிறது, வளர்கிறது, கெட்டும் போகிறது என்று காட்டினார் டோகுச்சாயெவ். செடிக்கும் விலங்குக்கும் தனி விஞ்ஞானம் இருப்பது போல், மண்ணுக்கும் தனி விஞ்ஞானம் வேண்டும் என்றார்.

1883-ம் ஆண்டு ரஷியக் கறுப்பு மண் என்ற பெயரில் அவருடைய பெரிய நூல் வெளிவந்தது. அதுவே அவருடைய டாக்டர் பட்டத்துக்கான ஆராய்ச்சி நூல். அதைப் பரிசீலித்தவர்களில் ஒருவர் உலகப் புகழ் பெற்ற ரசாயன மேதை மெண்டெலெயெவ். நூலோடு ஒரு தேசப்படமும் இருந்தது. மண்ணில் மக்குச் சத்து எந்த இடத்தில் எவ்வளவு என்று அதிலே பட்டை பட்டையாகப் பிரித்துக் காட்டியிருந்தார். மிக வளமான பட்டையில் 100-க்கு 13 முதல் 16 பங்கு வரை மக்குச் சத்து இருந்தது.

எல்லோரும் புகழ்ந்து விடவில்லை. கொஸ்திச்செவ் என்ற விவசாய விஞ்ஞானி கடுமையாக விமர்சித்தார். அவர் பண்ணையடிமைக் குடும்பத்தில் பிறந்து, படித்து முன்னுக்கு வந்தவர். மண் எப்படிப் பிறந்தது என்பதைவிட, அதிலே பயிர் எப்படி விளைகிறது என்பதே முக்கியம் என்பது அவர் கருத்து. இருவருக்கும் நீண்ட காலம் வாதம் நடந்தது. அந்த வாதத்தால் மண் விஞ்ஞானம் வளர்ந்ததே தவிரக் குறையவில்லை.

மாகாணம் மாகாணமாக

நிஷ்னி நொவ்கொரொத் மாகாணத்தில் நிலவரி போடுவதில் ஒரு சிக்கல். எந்த நிலம் நல்ல நிலம், எது மட்டமான நிலம் என்று நியாயமாகக் கணக்கிட வேண்டியிருந்தது. 1882-ம் ஆண்டு டோகுச்சாயெவை அழைத்தார்கள். அவர் இளைஞர்களான தம் மாணவர்களைக் கூட்டிக் கொண்டு போனார். 1886-ம் ஆண்டு வரை வேலை நடந்தது. 14 தொகுதிகள் வெளியாயின.

பிறகு உக்ரேனில் பொல்தாவா மாகாணத்தில் ஆறு ஆண்டு வேலை. அங்கே 16 தொகுதிகள். அவருடன் சுற்றிய மாணவர்களில் சிபிர்த்செவும், பிற்காலத்தில் பெரும்புகழ் பெற்ற வெர்னாட்ஸ்கியும் இருந்தார்கள்.

1889-ம் ஆண்டு பாரிஸ் நகரில் உலகக் கண்காட்சி நடந்தது. அங்கே டோகுச்சாயெவ் தாம் சேகரித்த ரஷிய மண் வகைகளை வைத்தார். மண்ணுக்குத் தங்கப் பதக்கம் கிடைத்தது!

1891-ம் ஆண்டு

புகழ் ஏறிக் கொண்டிருந்த நேரத்தில், மறுபடியும் மழை பொய்த்தது. 1891-ம் ஆண்டு வோல்கா ஆற்றுப் பிரதேசத்திலும், கறுப்பு மண் மாகாணங்களிலும் பயங்கரமான பஞ்சம் ஏற்பட்டது. அடுத்த ஆண்டு காலராவும் சேர்ந்து கொண்டது. பஞ்சத்திலும் நோயிலும் சுமார் 4 லட்சம் பேர் மாண்டார்கள் என்று மதிப்பிடுகிறார்கள்.

உலகத்திலேயே உயர்ந்த மண். அதன் மேல் பட்டினிச் சாவு! இது ஏன்?

டோகுச்சாயெவ் பதில் சொன்னார். 1892-ம் ஆண்டு, நமது ஸ்டெப்பிகள் அன்றும் இன்றும் என்ற நூலை எழுதினார். அந்தப் புத்தகத்தை விற்ற பணத்தைப் பஞ்சத்தில் அடிபட்டவர்களுக்கே கொடுத்தார்.

மழை குறைந்தது மட்டும் காரணம் அல்ல என்று அவர் விளக்கினார். புல்வெளியை எல்லாம் உழுது விட்டார்கள். ஓரங்களில் இருந்த காடுகளை வெட்டி விட்டார்கள். புல் இருந்தபோது மண் உருண்டை உருண்டையாக இருந்தது. பெய்த மழையைக் குடித்துத் தேக்கி வைத்துக் கொண்டது. விடாமல் உழுததில் அது பொடியாகி விட்டது. தண்ணீர் உள்ளே இறங்காமல் மேலோடு ஓடியது. ஓடிய தண்ணீர் ஓடைகளை அரித்துப் பெரும் பள்ளங்கள் ஆக்கியது. அந்தப் பள்ளங்கள் நிலத்தடி நீரையும் வடித்து விட்டன. குளிர்காலத்தில் விழும் பனியைக் கூடக் காற்று தள்ளிக் கொண்டு போய் விட்டது. வயலில் ஈரம் தங்க வழி இல்லை.

ஒரு காலத்தில் மஞ்சள் மண்ணைக் கொண்டு வந்து கொடுத்தது காற்று. இப்போது கறுப்பு மண்ணை வாரிக் கொண்டு போவதும் அதே காற்று!

காற்றுக்கு வேலி

நோயைச் சொன்னவர் மருந்தும் சொன்னார். வயல்களின் ஓரத்தில் மரங்களை வரிசை வரிசையாக நட வேண்டும். அது காற்றுக்கு வேலி. பனி விழுந்த இடத்திலேயே தங்கும். மேட்டு நிலங்களில் குளங்கள் வெட்ட வேண்டும். ஓடைகளில் அணை கட்ட வேண்டும். உழவு நிலம், புல்தரை, காடு, தண்ணீர் ஆகியவை ஒன்றுக்கொன்று சரியான அளவில் இருக்க வேண்டும்.

1892-ம் ஆண்டு காட்டு இலாகா இதைச் செய்து பார்க்க அனுமதி கொடுத்தது. மூன்று இடங்களைத் தேர்ந்தெடுத்தார்கள். அவற்றில் ஒன்று வோரோனேஷ் மாகாணத்தில் உள்ள கமென்னயா ஸ்டெப்பி. கல் புல்வெளி என்று அதற்கு அர்த்தம். மரமே இல்லாத அந்த வெட்டவெளியில் ஓக் முதலிய மரங்களின் கன்றுகளை நட்டார்கள்.

மரம் வளர்வதற்கு ஆண்டுகள் வேண்டும். நட்டவர் அதன் நிழலைப் பார்க்க முடியாது என்பது டோகுச்சாயெவுக்குத் தெரியாதது அல்ல.

விளக்கு அணைந்தது

அதே 1892-ம் ஆண்டில் நோவயா அலெக்ஸாண்ட்ரியா என்ற ஊரில் இருந்த விவசாயக் கல்லூரிக்கு அவர் தலைவர் ஆனார். அந்த ஊர் இப்போது போலந்து நாட்டில் இருக்கிறது. புவாவி என்று பெயர். அந்தக் கல்லூரியில் மண் விஞ்ஞானத்துக்கென்று தனித் துறையை ஏற்படுத்தி, சிபிர்த்செவை ஆசிரியர் ஆக்கினார்.

எல்லாப் பல்கலைக்கழகங்களிலும் இதே போன்ற துறை வேண்டும் என்று கேட்டார். மண் ஆராய்ச்சிக்குத் தனிக் கழகம் வேண்டும் என்றும் கேட்டார். அவர் கேட்டது அவர் காலத்தில் நிறைவேறவில்லை.

ஒரு பக்கம் பொல்தாவா தொகுதிகள். ஒரு பக்கம் மரம் நடும் வேலை. ஒரு பக்கம் கல்லூரி. இடையே இலாகாக்களோடு போராட்டம். ஓய்வு என்பதே இல்லை. உடம்பு தாங்கவில்லை. 1895-ம் ஆண்டு நரம்புத் தளர்ச்சியால் படுத்து விட்டார். கல்லூரிப் பதவியை விட்டார்.

அவருடைய மனைவி அன்னா. 1880-ம் ஆண்டு அவரைக் கைப்பிடித்தவர். குழிகளையும் மண் மூட்டைகளையும் பயணங்களையும் முகம் சுளிக்காமல் ஏற்றுக் கொண்டவர். 1897-ம் ஆண்டு அவர் நோயால் காலமானார். டோகுச்சாயெவின் மனம் அடியோடு உடைந்தது.

ஆனாலும் ஒருமுறை எழுந்தார். 1898-ம் ஆண்டு முதல் காகசஸ் மலைப் பிரதேசத்துக்குப் போய் ஆராய்ந்தார். சமவெளியில் வடக்கிலிருந்து தெற்கே மண் மாறுவது போலவே, மலையில் கீழிருந்து உச்சிக்கு ஏற ஏற மண் மாறுவதைக் கண்டார். குழி வெட்டிப் பார்ப்பதற்கு முன்பே, இந்த உயரத்தில் இன்ன மண் இருக்கும் என்று அவரால் சொல்ல முடிந்தது.

1900-ம் ஆண்டு அருமை மாணவர் சிபிர்த்செவ் இளவயதிலேயே காலமானார். டோகுச்சாயெவை நோய் மறுபடியும் பிடித்துக் கொண்டது. இந்த முறை அவர் எழுந்திருக்கவில்லை. 1903-ம் ஆண்டு செயிண்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் கண்ணை மூடினார். வயது 57. அவரை மனைவியின் கல்லறைக்குப் பக்கத்திலேயே அடக்கம் செய்தார்கள்.

மண்ணுக்குள் மண்

அவர் மறைந்த அடுத்த ஆண்டே, அவர் பெயரால் செயிண்ட் பீட்டர்ஸ்பர்க்கில் மண் காட்சிச்சாலை ஏற்பட்டது. மாணவர் கிளிங்கா எழுதிய நூல் ஜெர்மன் மொழியில் வந்தது. அது 1927-ம் ஆண்டு ஆங்கிலத்துக்கும் போயிற்று. அமெரிக்கர்கள் டோகுச்சாயெவின் கருத்துக்களைப் படித்தார்கள். செர்னோசெம் என்ற ரஷியச் சொல் உலகம் முழுவதும் வழங்கலாயிற்று. உலகத்தில் இந்த வகை மண் சுமார் 23 கோடி ஹெக்டேர் இருப்பதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள்.

அவர் காட்டிய வழியில் இன்னோர் அதிசயமும் தெரிய வந்தது. மஞ்சள் மண் படிவை மிக ஆழமாக வெட்டினால், உள்ளே மறுபடியும் ஒரு கறுப்புப் பட்டை தென்படுகிறது. அதற்குக் கீழே மஞ்சள். அதற்கும் கீழே இன்னொரு கறுத்த பட்டை.

அது கரியா, சேறா, பழைய மண்ணா என்று எப்படி அறிவது? டோகுச்சாயெவ் மேல்மண்ணைப் பார்த்த அதே முறையில் பார்க்க வேண்டும். கறுப்பு சட்டென்று நிற்காமல், படிப்படியாக மங்கிக் கீழே இறங்குகிறதா? வேர் போன தடம் இருக்கிறதா? விலங்குகள் பறித்த வளைகள் கறுப்பு மண்ணால் நிரம்பி, மஞ்சளில் வட்ட வட்டமாகத் தெரிகின்றனவா? கறுப்புக்குக் கீழே சுண்ணாம்பு இறங்கியிருக்கிறதா? இவை இருந்தால் அது ஒரு காலத்தில் புல் முளைத்த தரை. பிறகு காற்று அதை மூடி விட்டது.

மஞ்சள் பட்டை என்றால் குளிரும் வறட்சியும் நிலவி, காற்று தூள் தூவிய காலம். கறுப்புப் பட்டை என்றால் காற்று ஓய்ந்து, வெப்பம் வந்து, புல் செழித்த காலம். உக்ரேனிலும் சீனாவிலும் இந்தப் பட்டைகளை எண்ணித்தான், பூமியின் பழைய தட்பவெப்ப மாறுதல்களை விஞ்ஞானிகள் கணக்கிட்டிருக்கிறார்கள்.

கமென்னயா ஸ்டெப்பியில் அவர் காலத்தில் நட்ட கன்றுகள் பெரிய மரங்களாகி நிற்கின்றன. நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகி விட்டது. வேகமாக வரும் காற்று அந்த மரங்களின் மேல் மோதித் தணிகிறது. மரங்களுக்குப் பின்னால் கோதுமை வயல். வயலுக்குக் கீழே, ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகப் புல் சேர்த்து வைத்த கறுப்பு மண். ஓர் அங்குல மண் போய் விட்டால், அதைத் திரும்பச் சேர்க்கப் பல தலைமுறை வேண்டும். அதைக் குழி வெட்டிக் கண்டு சொன்னவர் டோகுச்சாயெவ்.